வசந்த மண்டபத்தில் ஒரு கோடைப் பள்ளி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் காலை ஒன்பது மணிக்கே பிராகாரத்துக் கல் காலைச் சுடும். மூலவருக்கு மேலே தாரா பாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி செய்திருப்பார் குருக்கள். அந்த நாள்களில் கோயிலுக்குத் தவறாமல் வருவோர் என்னைப் போன்று அறுபதைக் கடந்தவர்களே. தரிசனம் முடித்து, கொடிமரத்து நிழலில் சற்று அமர்ந்து, பேரப்பிள்ளைகள் எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருப்பதைப் பற்றி ஒருவருக்கொருவர் குறைப்பட்டுக்கொண்டு வீடு திரும்புவோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதோஷ மாலையில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, குருக்கள் பிரசாதத் தட்டுடன் வந்தார். "பத்து நாள் வசந்த உற்சவம் போக மீதி நாளெல்லாம் வசந்த மண்டபம் சும்மாதானே கிடக்கு மாமா. வௌவால்தான் குடியிருக்கு. குழந்தைகளை அங்கே கூட்டிண்டு வாங்களேன்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ, எங்கள் புலம்பலைக் கேட்டுச் சலித்துச் சொன்னாரோ, தெரியவில்லை. அடுத்த கோடையில் முகாம் தொடங்கிவிட்டது. பத்து நாள்கள், காலை ஏழு மணி முதல் பத்தரை மணி வரை. ஓதுவார் தேவாரம் கற்பிப்பது, ஊர் வேளார் களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லித்தருவது, கோயில் வாசலில் பூ விற்கும் பாட்டி கோலமும் பூத்தொடுத்தலும் காட்டுவது என்று ஏற்பாடு. வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உண்டு. அவர்தாம் முதல் கூட்டத்தில் வாழ்க்கைத் திறன்கள் என்னும் சொல்லை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்திறன்களைக் கற்பிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1990-களிலேயே வலியுறுத்திப் பத்தினைப் பட்டியலிட்டிருக்கிறதாம். தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதுமையாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், எண்ணியதைத் தெளிவாகச் சொல்லுதல், உறவு பேணுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், உணர்ச்சியைக் கையாளுதல் என அவர் விரல் விட்டு எண்ணினார். எனக்கு அப்போது அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பாட்டும் கோலமும் கற்றால் பக்தி வளரும், பொழுதும் நல்லவிதமாகக் கழியும், அவ்வளவே என் எண்ணம்.

பரிசு கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். "போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் முயல மாட்டார்கள்" என்று வாதாடினேன். ஓதுவார் மெல்லிய குரலில், "சுவாமி சந்நிதியில முதல் பரிசு, ரெண்டாம் பரிசு எல்லாம் வேணுமா சார்?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. பெயர், கலை, நூற்றுக்கு எத்தனை என்று கட்டம் போட்டுத் தாள் தயாரித்தேன். எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கினேன்.

அதனால் நேர்ந்தது இது. களிமண் வேலையை ஏழாம் நாள் மதிப்பிடுவதாக அறிவித்திருந்தோம். பிள்ளைகள் செய்த விநாயகர்கள் ஈரமாகவே இருந்ததால், விரைவாகக் காயட்டும் என்று நான்தான் அவற்றை வெயிலில் எடுத்து வைக்கச் சொன்னேன். மண் பொம்மை நிழலில் பொறுமையாகக் காய வேண்டும், வெயிலில் காய்ந்தால் விரிசல் விடும் என்பது வேளாருக்குத் தெரியும். அவர் அப்போது அங்கில்லை. நான் மதிப்பெண் தாளுடன் வந்தபோது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி செய்த பிள்ளையாரின் துதிக்கை தனியே கழன்று விழுந்து கிடந்தது. அழைத்துப்போக வந்திருந்த அவள் தாய், அத்தனை பேர் முன்னிலையிலும், "உனக்கு எதுதான் ஒழுங்கா வந்திருக்கு?" என்றார். அந்தக் குழந்தை அழவில்லை. பிள்ளையாரை இரு கைகளாலும் அமுக்கி உருண்டையாக்கி, மண் குவியலில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

மாலையில் செய்தி அறிந்த வேளார் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "வெயில்ல வச்சது நம்ம தப்புங்க ஐயா. புள்ளைக்கு எதுக்கு மார்க்கு கொறையணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்தச் சிறுமி வரவில்லை. அவள் வீட்டுக்கு இரண்டு முறை சென்றேன். வேறு வகுப்பில் சேர்த்துவிட்டதாக அந்த அம்மாள் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். மறு ஆண்டும் அவள் வரவில்லை, அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. மதிப்பெண் தாளை நான் கிழித்தது அவளுக்குப் பயன்படவில்லை.

இரண்டாம் ஆண்டு முதல் பரிசு இல்லை. நிறைவு நாளில் எல்லாருக்கும் ஒரே அளவு சர்க்கரைப் பொங்கல்.

கோயில் கற்பித்த காலம்

கோயிலில் கலை கற்பிப்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் இராசராசன் நியமித்து, நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் அளக்கச் செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த 'முக்குறுணி' என்ற சொல்லில் தனி மகிழ்ச்சி. இராசேந்திரன் காலத்தில் விழுப்புரம் அருகே எண்ணாயிரம் என்னும் ஊரில் கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையில் 340 மாணாக்கர் பயின்றிருக்கின்றனர். அவர்களுக்கும் நாள்தோறும் நெல் அளந்ததற்குக் கல்லிலேயே கணக்கு இருக்கிறது.

இவை பழங்கதை என்று தள்ளவும் முடியாது. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. பெரும்பாலும் மே மாதத்தில் வரும் விழா அது. வெளியூர்களில் அலுவலக வேலை பார்ப்பவர்களும் ஊருக்குத் திரும்பி வந்து வேடம் ஏற்பார்கள். பிரகலாதனாக நிற்பவன் சிறுவன். எதிரே இரணியனாக நிற்பவர் வயதில் மூத்தவர், குரலில் இடி. நள்ளிரவைத் தாண்டியும் நீளும் ஆட்டத்தில் அச்சிறுவன் அவருக்கு முன்னால் அஞ்சாமல் நின்று பாட வேண்டும். ஒருமுறை அதை விடியும் வரை பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியை அம்மாள் விரல் விட்டு எண்ணிய பத்தில் எத்தனை அந்தச் சிறுவனிடம் இருந்தன என்று பின்னாளில்தான் எண்ணிப் பார்த்தேன்.

அழிக்காதே கண்ணு

இந்தக் கோடையில் பெங்களூரிலிருந்து என் பேரன் வந்திருந்தான். வயது பதினொன்று. நல்ல அறிவு, படிப்பில் முதல் வரிசை. ஆனால் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் அவனுக்குத் தாங்காது. எழுத்தொன்று தவறினால் தாளையே கிழித்துவிடுவான். விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். "அவன் அப்படித்தான் மாமா, கொஞ்ச நேரம் விட்டுடுங்க" என்பாள் மருமகள்.

முகாமுக்கு அவனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் கோல வகுப்பு. கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று பாட்டி நினைக்கவில்லை. ஆண்பிள்ளைகளையும் தரையில் உட்கார வைத்து, ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளி வைக்கச் சொன்னார். அதன்மேல் சிக்குக் கோலம். கோடு எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். பார்க்க எளிதுபோல் தோன்றும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் கோலங்களின் ஒழுங்கைச் சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களில் கணித முறையில் ஆராய்ந்து ஆய்வுக் கட்டுரைகளே வெளியிட்டார்கள். கணினிக்கு மொழி வகுக்கும் இலக்கணத்தோடு நம் வாசல் கோலத்தை அவர்கள் ஒப்பிட்டார்கள். பாட்டிக்கு இதைச் சொன்னேன். "அப்படியா சாமி" என்றார், கை மாவை நிறுத்தாமல்.

பேரன் மூன்றாவது வளைவில் தவறினான். அடுத்த நொடி உள்ளங்கையால் முழுக் கோலத்தையும் அழிக்கப் போனான். பாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அழிக்காதே கண்ணு. தப்புன இடத்திலேருந்து எங்க போக முடியும்னு பாரு. கோடு ஒனக்கு வழி விடும்" என்றார். அவன் முகம் சிவந்து எழுந்து போய்த் தூணருகில் நின்றுகொண்டான். யாரும் அழைக்கவில்லை. பாட்டி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். ஏறத்தாழ கால் மணி நேரம் கழித்து அவனாகவே வந்து குந்தி உட்கார்ந்தான். தவறிய வளைவைத் தவறாகவே விட்டு, வேறு பக்கம் திருப்பி, எப்படியோ தொடங்கிய புள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அந்தக் கோலம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோலம். இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. பாட்டி அதைச் சுற்றி வந்து பார்த்து, "இது புதுசா இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கைபேசியைத்தான் எடுத்தான். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. நான்காம் நாள் பூத்தொடுத்தலில் வாழைநார் அறுந்தபோது மறுபடியும் கோபித்துக்கொண்டான். ஆறாம் நாள் அறுந்தபோது நாரை நனைத்து முடிச்சுப் போட்டான். இந்த இரண்டு நாளுக்கு இடையில் அவனுக்குள் என்ன நடந்ததென்று நான் அறியேன்.

வில்லுப்பாட்டு

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தது வில்லுப்பாட்டு. நெல்லைப் பக்கம் கோயில் கொடைகளில் வில்லடித்துப் பாடிய பெரியவர் ஒருவர், இப்போது மகள் வீட்டோடு எங்கள் ஊரில் வந்து தங்கியிருக்கிறார். 1980-களில் நான் நெல்லை மாவட்டக் கிளை ஒன்றில் இருந்தபோது சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவன். நீண்ட வில்லில் மணிகள் கட்டி, மண்குடத்தின் மேல் அதைச் சார்த்தி, நடுவில் அமர்பவர் வீசுகோலால் அடித்துக் கதை சொல்ல, பக்கத்திலிருப்பவர்கள் உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று கூடவே வாசித்து, "ஆமா" போட்டுப் பின்பாட்டுப் பாடுவார்கள். குடத்தின் வாயில் விசிறி போன்ற மட்டையால் தட்டித் தாளம் பிடிப்பவர் இல்லாமல் கதை நகராது. அவரைப் பார்த்து யாரும் கைதட்டுவதும் இல்லை.

கண்ணப்ப நாயனார் கதையைப் பெரியவர் தேர்ந்தெடுத்தார். எட்டுப் பிள்ளைகள். வில்லடிப்பவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. குடம் என் பேரனுக்கு வாய்த்தது. அவன் கேட்டது வில்லை. கிடைக்காததில் சற்று வருத்தம்.

அந்த எட்டுப் பேரில் ஒருவனுக்குத் திக்குவாய். பன்னிரண்டு வயது. பெயர் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வான். பெரியவர் அவனை முதலில் பின்பாட்டில் சேர்த்தார். திக்கிப் பேசுபவர்களுக்குப் பாடும்போதும், பலரோடு ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் வருவதில்லை. பேச்சுப் பயிற்சி தருபவர்கள் நன்கறிந்த செய்தி இது. பெரியவர் அதைப் படித்தறிந்தவர் அல்லர். "சேந்து சொன்னா வந்துரும் சார்" என்றார். வந்தது. ஏழாம் நாள் அந்தப் பையனே அவர் காதில் ஏதோ கேட்டான். கதையின் முடிவில், ஒரு கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பர் மறுகண்ணுக்கும் அம்பை எடுக்கும்போது, ஈசன் தடுத்தருளும் இடம் உண்டல்லவா? அந்தக் குரல் தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தனியாக, பாட்டில்லாமல், பேச்சாக ஒரே ஒரு வாக்கியம். எங்களில் சிலருக்குத் தயக்கம். எனக்கும்தான். ஊர் முன்னால் பிள்ளை தலைகுனிந்துவிட்டால்? பெரியவர், "அவன்தானே கேட்டான்" என்று முடித்துவிட்டார்.

பத்தாம் நாள் மாலை, சாயரட்சை முடிந்து மண்டபம் நிறைந்திருந்தது. பேரனை அழைத்துப்போக என் மகனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கதை நன்றாகவே சென்றது. அந்தப் பெண் வீசுகோலையே அம்பாகத் தன் கண்ணெதிரே உயர்த்தினாள். காலால் இடம் அடையாளம் வைப்பதைப் பாடி நிறுத்தினாள். எல்லாரும் அந்தப் பையனைப் பார்த்தார்கள். அவன் வாய் திறந்தது. சொல் வரவில்லை.

குடம் நிற்கவில்லை. பேரன் குனிந்த தலை நிமிராமல் அதே நடையில் தட்டிக்கொண்டே இருந்தான். உடுக்கை சேர்ந்துகொண்டது, பிறகு ஜால்ரா. ஒருவரும் அடியெடுத்துக் கொடுக்கவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி கை நடுங்க நின்றாள். சுற்றிச் சுற்றி வந்தது தாளம். என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி, இதுவும் கதையின் பகுதி என்றெண்ணி, "அப்பனே, தடுக்க மாட்டியா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அப்போது வந்தது அந்தப் பையனின் குரல். முதல் எழுத்து மூன்று முறை உடைந்து, பிறகு முழு வாக்கியமும் வந்தது. பெரியவர் வில்லைத் தொட்டு வணங்கினார்.

அந்தப் பையன் இன்றும் திக்கித்தான் பேசுகிறான். மறுநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "தா... தாத்தா, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். கண்ணை மூடவில்லை.

வீடு திரும்பும் வழியில் என் மகன் வெகுநேரம் பேசவில்லை. தெருமுனையில், "அப்பா, ஆறு ஆவர்த்தனம் சுத்தி வந்தான். ஒரு தட்டு தவறலை" என்றான். எனக்கு மார்பில் ஏதோ தைத்தது. என் மகன் எட்டு வயது முதல் ஏழு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன். பத்தாம் வகுப்பில் அதை நிறுத்தியவன் நான். "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லி மிருதங்கத்தைப் பரணில் ஏற்றினேன். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பொறியியல், பிறகு வேலை. அவனும் கேட்கவில்லை, நானும் இறக்கவில்லை. அவனுக்கு நன்மை செய்வதாகவே அன்று நம்பினேன். நல்ல வேலையில் இருக்கிறான், குறையொன்றுமில்லை. ஆனால் ஏதாவது தவறிப்போனால் அவனும் கதவைச் சாத்திக்கொள்பவன்தான். இதை நான் அவனிடம் பேசியதில்லை. அன்றிரவு அவனே ஏணி வைத்துப் பரணில் ஏறினான். வலந்தலைத் தோல் கிழிந்து, கரணை உதிர்ந்து, வார் தளர்ந்து கிடந்தது. அப்பாவும் பிள்ளையும் கூடத்தில் அதை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூருக்குப் புறப்படும் முன் தஞ்சாவூரில் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள்.

தம் ஊர்க் கோயிலில் இப்படி ஒரு முகாம் நடத்த விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். அறநிலையத் துறைக் கோயிலாயின் செயல் அலுவலரிடம் பங்குனி மாதமே எழுத்து மூலம் அனுமதி கேட்டுவிடுங்கள். எங்களுக்கு இவ்வாண்டு 41 பிள்ளைகள், மொத்தச் செலவு 22,350 ரூபாய். அதில் பெரும்பகுதி கற்பித்தவர்களுக்கு வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுத்த சன்மானம். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மோரும் பானகமும் உபயதாரர்கள் தந்தார்கள். வெயிலுக்கு முன் பிள்ளைகள் வீடு திரும்பிவிட வேண்டும். களிமண் பொம்மைகளை மண்டபத்துக்குள்ளேயே மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். கோலத்துக்கு அரிசிமாவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் விற்கும் கல்மாவு எறும்புக்கு ஆகாது என்று பாட்டி ஏற்றுக்கொள்வதில்லை.